ஹட்டனிலிருந்து வந்த பஸ்

அத்தியாயம் 12

நசீறா எழும்பி அடுப்பு மூட்டியபோது ஷமீரின் பாய் சுருட்டியபடியே மூலையில் சாய்ந்து நின்றது. மகன் அன்றைக்கும் வீடு வந்து சேரவில்லை.

"மலைநாட்டுப் பக்கம் ஒரு ஓட்டம் உம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் போயிருந்தான். யாருடைய வண்டி, என்ன ஓட்டம் என்று ஒன்றும் சொல்லவில்லை. தகப்பனோடு பட்ட சண்டையின் சூட்டோடு போனவன். "என்னோட கடலுக்கு வா" என்று நுஃமான் கேட்டதற்கு அவன் கொடுத்த பதிலைப் போன கிழமை படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

"நீங்களே தெற்கால இருந்து வந்தவன்ட வாடியில கூலிக்கு மீன் காய விடுறீங்க. எனக்கு எந்தக் கடலக் காட்டப் போறீங்க வாப்பா?"

அது பொய்யாக இருந்திருந்தால் நுஃமான் கையை ஓங்கியிருப்பான். உண்மையாகப் போனதால் எழும்பி வெளியே போய்விட்டான்.

முஸ்லிம்களெல்லாம் வடக்கை விட்டுப் போக வேண்டும் என்று இயக்கம் சொன்ன நாளில் உடுத்த உடுப்போடு சிலாவத்துறையை விட்டுப் போன குடும்பம் அது. புத்தளத்தில் இருபது வருஷம் அகதிக் கொட்டிலில் கிடந்து, யுத்தம் முடிந்த பிறகு திரும்பி வந்தது. திரும்பி வந்து பார்த்தால் கரை நிறைய வேற்றூர் மீன்காரர் போட்ட வாடிக் கொட்டில்கள். நுஃமானின் பழைய வள்ளம் நின்ற இடத்தில் வேறு யாரோ கருவாடு பரப்பியிருந்தார்கள். அவர்களிடமே போய் அவன் வேலை கேட்டான். கொடுத்தார்கள். அதுதான் அவனை இன்னும் சுட்டது.

ஆகவே அந்த வீட்டில் உலை கொதித்தது நசீறாவின் கையால். ஊருக்கு வெளியே, கடற்கரை ரோட்டில் புதிதாக வந்த நண்டுக் கொம்பனியில் அவளுக்கு வேலை. அவித்த நண்டை உடைத்து, ஓடு ஒரு துண்டும் கலக்காமல் சதையை எடுக்க வேண்டும். எடுத்த சதையின் நிறைக்குக் கூலி. விரல் நுனியெல்லாம் கீறல்தான். ஆனாலும் அந்தக் கூலியில்தான் மகள் றிஸ்மினாவுக்கென்று கட்டிய வீட்டின் சுவர் எழும்பியது. கூரை இன்னும் போடவில்லை. மாப்பிள்ளை வீட்டார் "வீடு முடியட்டும், நிக்காஹ்வை வைப்பம்" என்று மரியாதையாகச் சொல்லியிருந்தார்கள். மரியாதையாகச் சொன்னாலும் அது தவணைதான்.

"உம்மா, இண்டைக்காவது மனேஜர் முடிவு சொல்லுவாரா?" சோற்றுப் பெட்டியை நீட்டிக்கொண்டே றிஸ்மினா கேட்டாள்.

"சொல்லுவார். சிரிச்ச முகத்தோடதானே கேட்டவர்."

கொம்பனிப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து கேட்டது பெரிய விஷயமில்லை. பொழுதுபட, மஃரிபுத் தொழுகைக்கு முதல் வீட்டுக்கு விட வேண்டும். முஸ்லிம் பெண்களுக்கு வெள்ளி மத்தியானமும், வேதக்காரப் பெண்களுக்கு ஞாயிறு காலையும் வேண்டும். நசீறாதான் முன்னுக்கு நின்று கதைத்தவள். மனேஜர் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார். அப்படிக் கேட்பவரை நம்பக் கூடாது என்பது அன்று காலையில்தான் அவளுக்கு விளங்கியது.

---

கொம்பனி வாசலில் பெண்கள் கூடி நின்றார்கள். இரும்புக் கேற் உள்பக்கத்தால் பூட்டியிருந்தது.

"என்ன பெற்றி, திறக்கயில்லையா?"

பெற்றிசியா திரும்பினாள். முள்ளிக்குளத்துக்காரி. கடற்படை பிடித்து வைத்திருக்கும் தன் ஊருக்குள் கால் வைக்க இன்னும் அனுமதி கிடைக்காமல், காட்டோரம் தகரக் கொட்டிலில் மூன்று பிள்ளைகளோடு இருப்பவள். புருஷன் யுத்தத்தின் கடைசியில் காணாமல் போனவன். கொம்பனியில் நசீறாவுக்குப் பக்கத்து மேசை அவளுக்கு.

"வாச்சர் நிக்கச் சொல்லுறான் அக்கா. மேல இருந்து ஓடராம்."

"நண்டு வந்திருக்கா?"

"வந்திருக்கு. அவிக்கிற மணம் வருதே, உங்களுக்கு மணக்கயில்லையா?"

மணத்தது. உள்ளே நண்டு வேகுது, உடைக்கிறவர்கள் வெளியே நிற்கிறார்கள்.

வெயில் ஏறியது. சிலர் பாதையோரத்தில் குந்தினார்கள். ஒருத்தி பிள்ளைக்குப் பால் கொடுக்காமல் வந்ததாகச் சொல்லிச் சொல்லிப் புலம்பினாள். அப்போதுதான் அரிப்பு ஊர்ப் பக்கமிருந்து தூசி கிளப்பிக்கொண்டு, முகப்பில் 'ஹட்டன்' என்று மலைநாட்டு ஊர்ப் பெயர் எழுதிய ஒரு சின்ன பஸ் வந்தது. கூரையில் பைகளும் பாய்களும் கட்டியிருந்தன. கண்ணாடி வழியாகப் பெண்களின் முகங்கள் தெரிந்தன. நித்திரை கலையாத முகங்கள்.

பெற்றிசியாவுக்கு முதலில் விளங்கியது.

"மாதாவே! ஆக்களைக் கொண்டு வாறாங்கள் அக்கா!"

அவ்வளவுதான். பாதையில் குந்தியிருந்த பெண்களெல்லாம் எழும்பி பஸ்ஸுக்குக் குறுக்கே போய் நின்றார்கள். நசீறா எல்லோருக்கும் முன்னால் போய் உள்ளங்கையால் பஸ்ஸின் முகத்தில் ஓங்கி அடித்தாள். இரும்பு கொதித்தது.

"இறங்காதீங்கோ! ஒருத்தரும் இறங்காதீங்கோ! வந்த வழியே திரும்பிப் போங்கோ!"

"உங்களுக்கு மலையில வேலை இல்லையா?" பெற்றிசியா ஜன்னல் ஓரமாக ஓடினாள். "எங்கட பிள்ளையளின்ட சோத்தில மண்ணள்ளிப் போடவா இவ்வளவு தூரம் வந்தனீங்கள்?"

உள்ளே ஒருத்தி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ஒருத்தி மடியில் இருந்த பையை இறுக்கிப் பிடித்தாள். தூரப் பயணத்தில் வாந்தி எடுத்த வாடை ஜன்னலால் வெளியே அடித்தது.

நசீறா சாரதியின் பக்கம் திரும்பினாள். அவனுக்கும் நாலு வார்த்தை சொல்லத்தான் திரும்பினாள்.

ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இருந்தது ஷமீர்.

கூட்டம் ஒரு நொடியில் அடங்கிப் போனது. அவன் யாருடைய மகன் என்று அங்கே தெரியாதவர்கள் இல்லை. ஒருவரும் ஷமீரைப் பார்க்கவில்லை, எல்லோரும் நசீறாவைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் இருந்த கேள்வி ஒன்றுதான்: உனக்கு இது தெரியுமா?

---

ஷமீர் இறங்கி வந்து தாயின் கையைப் பிடித்தான். மதிலோரம் கூட்டிக்கொண்டு போனான்.

"உம்மா, சத்தம் போடாதீங்கோ. நான் சொல்லுறதக் கேளுங்கோ."

"உனக்கு வெக்கமில்லையா?"

"இந்த பஸ்ஸை நான் ஓட்டாட்டி வேற ஒருத்தன் ஓட்டுவான். அவன் உங்களுக்காகக் கதைப்பானா? நான் கதைச்சிருக்கிறன்."

"என்னத்தைக் கதைச்சாய்?"

"இவங்களுக்கு நண்டு உடைக்கத் தெரியாது. தேயிலை கொய்த கை. ஆராவது பழக்க வேணும். மனேஜரிட்ட உங்கட பேரைச் சொன்னன். மாசச் சம்பளம். கத்தி பிடிக்கத் தேவையில்ல. நிண்டு பாத்தாக் காணும். இவங்க உள்ளுக்கேயே பின் மண்டபத்தில படுப்பாங்க, விடிய எழும்பி வேலைக்கு இறங்குவாங்க. மஃரிபு, வெள்ளி, ஞாயிறு எண்டு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. முதலாளிக்கு அதுதான் தேவை."

"மத்த ஆக்கள்?"

ஷமீர் பஸ்ஸின் பக்கம் முகத்தைத் திருப்பினான்.

"அந்தா நிக்கிறாளே பெற்றி, அவள்?"

"எல்லாருக்கும் என்னால இடம் பிடிக்கேலுமா உம்மா? என்ட உம்மாவுக்குப் பிடிச்சன். அது குற்றமா?"

கேற் திறந்தது. மனேஜர் வெள்ளைச் சேட்டோடு வந்து நின்றார். பின்னால் இரண்டு வாச்சர்மார். அதே சிரிப்பு.

"நசீறா அக்கா, நீங்க உள்ள வாங்க. உங்களோட தனியாப் பேசணும். மற்றவங்க வீட்டுக்குப் போங்க. தேவைப்பட்டாச் சொல்லி அனுப்புவோம்."

பெற்றிசியா வந்து நசீறாவின் முழங்கையைப் பிடித்தாள்.

"போகாதீங்கோ அக்கா. நீங்களும் உள்ளுக்குப் போனா எங்களுக்கு ஆர் இருக்கினம்?"

நசீறா கூரையில்லாத வீட்டை நினைத்தாள். மகளை நினைத்தாள். பிறகு தன் முழங்கையைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தாள். அவளுடைய விரல்களைப் போலவே கீறலும் வெடிப்பும்.

"நான் வரயில்ல" என்றாள் மனேஜரிடம். "என்ட வேலையைப் பறிக்கிறதுக்கு நானே பழக்கித் தாறதா? வேற ஆளைப் பாருங்கோ."

மனேஜருக்குக் கோபம் வரவில்லை. "சரி அக்கா" என்று சாதாரணமாகச் சொன்னார். ஷமீரின் முகம்தான் கறுத்துப் போனது. பஸ்ஸில் ஏறிக் கதவை அடித்துச் சாத்தினான். வாச்சர்மார் பெண்களை விலக்கினார்கள். மகன் ஓட்டிய பஸ் தாயைத் தொடாத குறையாக உரசிக்கொண்டு உள்ளே போனது.

---

மத்தியானம் வாடியிலிருந்து வந்த நுஃமான் முழுக் கதையையும் கேட்டான். சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்.

"நீ போயிருக்க வேணும் நசீறா."

அவள் அதை எதிர்பார்க்கவில்லை. "நீங்களா சொல்லுறீங்க?"

"நான்தான் சொல்லுறன். மானத்தை உலையில போட்டு ஆக்கேலாது."

"அத்தின பேருக்கு முன்னால நான் எப்பிடி..."

"அகதியாப் போயிருந்த காலம், கற்பிட்டியில முதல் முதல் வெங்காயம் நடப் போனாய். நட உனக்கு ஆர் காட்டித் தந்தது?"

அவனுக்கு ஏன் இப்போது அது ஞாபகம் வர வேண்டும்?

அந்த ஊர்ப் பெண் ஒருத்திதான் காட்டிக் கொடுத்தாள். விரலால் மண்ணைக் குத்தி, நாற்றை நிறுத்தி, பெருவிரலால் அமத்தி. நல்ல மனுசி. அகதி முகாமிலிருந்து வந்த பெண்கள் பாதிக் கூலிக்கு நட்டதும் தோட்டக்காரன் அவளைக் கூப்பிடுவதை நிறுத்தினான். ஒருநாள் சந்தியில் கண்டபோது அவள் நசீறாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்: "நீங்க வந்துதான் எங்கட கூலி செத்துப் போச்சு. எப்ப உங்கட ஊருக்குப் போவீங்க?" அந்தக் கேள்வியை எத்தனையோ ராத்திரி நசீறா பாயில் கிடந்து நினைத்திருக்கிறாள். ஊருக்குப் போக வழியிருந்தால் வெங்காயத் தோட்டத்துக்கு ஏன் வருகிறாள்?

"அப்ப நாங்கள் செய்தது சரியெண்டா இவங்க செய்யிறதும் சரிதானே" என்றான் நுஃமான். "இவங்க செய்யிறது பிழையெண்டா, நாங்க இருபது வருஷம் திண்ட சோறும் பிழை."

"சரி பிழை கதைச்சு என்ன? நேத்து வரைக்கும் எனக்கு வேலை இருந்தது. இண்டைக்கு இல்ல. அதைச் சொல்லுங்கோ."

நுஃமான் கையைக் கழுவிக்கொண்டு எழும்பினான்.

உள்ளேயிருந்து றிஸ்மினா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். மெல்ல வந்து தாயின் பக்கத்தில் இருந்தாள்.

"எனக்காகண்டு நீங்க அங்க போக வேணாம் உம்மா. போகாமல் விட்டதுக்கும் என்னைச் சாட்டாதீங்கோ. கூரை வாறபோது வரட்டும்."

"அவங்க காத்திருப்பாங்களா மகள்?"

"காத்திருக்காட்டிப் போகட்டும்."

சொல்லிவிட்டாள். ஆனால் சொல்லும்போது குரல் உடைந்ததைத் தாய் கவனிக்காமல் இல்லை.

பின்னேரம் அஸர் பாங்கு சொல்லி முடிந்த நேரம் பெற்றிசியா வேலிப் படலையடியில் வந்து நின்றாள். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. காலையில் போட்ட அதே சட்டை. தலை மட்டும் புதிதாக இழுத்து முடிந்திருந்தது.

"நசீறாக்கா, ஒரு விஷயம். ஆரும் சொல்லி நீங்கள் கேக்கக் கூடாது. நானே சொல்லவேணும் எண்டு வந்தனான்."

"என்ன பெற்றி?"

"அந்த வேலையை நான் எடுத்திட்டன்."

எந்த வேலை என்று நசீறா கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

"நீங்கள் மாட்டன் எண்டு சொல்லிப் போன பிறகு மனேஜர் வாச்சரை அனுப்பி என்னைக் கூப்பிட்டவர். ஏலாது எண்டுதான் சொல்லப் போனனான், ஆண்டவராணை. போனா உள்ளுக்கு அந்தப் பெட்டையள் நண்டைப் பிடிக்கத் தெரியாமல் கையெல்லாம் வெட்டிக்கொண்டு நிக்குதுகள். மனேஜர் சம்பளத்தைச் சொன்னார். என்ட வாய் ஓம் எண்டு சொல்லிப் போட்டுது அக்கா."

"காலைல என்ட கையைப் பிடிச்சு என்ன சொன்னாய் பெற்றி?"

"சொன்னனான். இல்லையெண்டு சொல்ல மாட்டன்." பெற்றிசியாவின் கண் நிறைந்தது. ஆனால் குரல் தளரவில்லை. "உங்களுக்குப் புருஷன் இருக்கிறார். உழைக்கிற மகன் இருக்கிறான். எனக்கு ஆர் இருக்கினம்? நீங்கள் வேண்டாம் எண்டு விட்டதைத்தான் நான் எடுத்தனான். உங்களிட்ட இருந்து பறிக்கயில்ல."

நசீறாவுக்கு ஏசத்தான் வந்தது. நல்ல வார்த்தைகள் நாலைந்து நாக்கு நுனி வரை வந்தன. அவற்றில் ஒன்றைக்கூட நியாயமாகச் சொல்ல முடியாது என்று தெரிந்ததால் வாயை மூடிக்கொண்டாள். தன் மானம் இன்னொருத்தியின் அடுப்பில் நெருப்பாக எரியப் போகிறது. எரியட்டும்.

"போயிட்டு வா பெற்றி" என்றாள். வேறென்ன சொல்வது?

பெற்றிசியா போனாள். இரண்டு வருஷம் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருந்தவள், ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

---

பொழுது கடலில் விழும் நேரத்தில் படலையடியில் வேறொரு குரல் கேட்டது.

"அக்கா... கொஞ்சம் தண்ணி குடுக்கிறீங்களா?"

மெலிந்த பெண். முப்பது வயது இருக்கும். இடது கையில் ஆசுபத்திரிக் கட்டு. காலையில் பஸ்ஸுக்குள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டவள் என்று நசீறாவுக்குப் பார்த்ததும் தெரிந்தது. அவளுக்கும் தெரிந்துவிட்டது. பின்னால் ஒரு அடி எடுத்து வைத்தாள்.

"நில்லு" என்றாள் நசீறா. "தண்ணிக்கு வந்த ஆளைத் துரத்த மாட்டன். உள்ள வா."

றிஸ்மினா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அந்தப் பெண் நின்றபடியே முழுவதையும் குடித்தாள். கதிரையைக் காட்டியும் இருக்கவில்லை. வாசற்படியில் குந்தினாள்.

"பேர் என்ன?"

"சிவலட்சுமிங்க. ஹட்டன் பக்கம் தோட்டம்." கட்டுப் போட்ட கையைக் காட்டினாள். "நண்டு ஓடு கிழிச்சிருச்சு. ஆசுபத்திரிக்குப் போய்ட்டு வான்னு விட்டாங்க. திரும்பிப் போற வழி தெரியல."

"கடற்கரை ரோட்டால நேர போகவேணும்." பிறகு, கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டாள். "அவ்வளவு தூரத்தில இருந்து ஏன் வந்தாய்?"

"தோட்டத்துல கிழமைக்கு ரெண்டு மூணு நாளுதாங்க வேல குடுக்கிறாங்க. பொண்ணு பள்ளிக்கூடம் போவுது." சிவலட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள். "ஒங்க வேலைய எடுக்க வர்றோம்னு எங்களுக்குத் தெரியாதுங்க அக்கா. சத்தியமா. இங்க உள்ள ஆளுங்க சோம்பேறிங்க, இந்த வேலைக்குக் கூப்பிட்டாலும் வர மாட்டாங்கன்னுதான் சொன்னாங்க."

"ஆர் சொன்னது?"

"பஸ்ஸு ஓட்டிக்கிட்டு வந்த தம்பி."

றிஸ்மினா தாயைப் பார்த்தாள். நசீறாவின் முகத்தில் ஓர் அசைவும் இல்லை. விரல்கள் மட்டும் சேலைத் தலைப்பை முறுக்கின.

"வேற என்ன சொன்னது அந்தத் தம்பி?"

"நல்லாத்தான் பேசுச்சு. வர்ற வழியில எல்லாருக்கும் டீ வாங்கிக் குடுத்துச்சு. பெறகு, பதிவு பண்ணணும்னு எங்க அடையாள அட்டைய எல்லாம் வாங்கிக்கிட்டாங்க. இன்னைக்கு நா ஊருக்குப் போறேன்னு கேட்டேன். மூணு மாசம் முடியாம அட்டை குடுக்க மாட்டோம்னு சொல்லிட்டாங்க. அட்டை இல்லாம எப்படிங்க போறது? வழியில ஆமி எறக்குனா என்ன சொல்ல?"

"அட்டை எல்லாம் ஆரிட்ட இருக்கு?"

"அந்தத் தம்பிகிட்டதான். மனேஜர் ஐயா அதுகிட்டதான் வச்சிருக்கச் சொன்னாரு."

மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. முற்றத்துக்குள் திரும்பி நின்றது.

"உம்மா, சோறு இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே ஷமீர் உள்ளே வந்தான்.

சிவலட்சுமி எழும்பினாள். அவனைப் பார்த்தாள். 'உம்மா' என்று அவன் கூப்பிட்ட பெண்ணைப் பார்த்தாள்.

"நா போறேங்க" என்றாள்.

"நில்லு புள்ள" என்று தடுத்தாள் நசீறா. மகனை நோக்கிக் கையை நீட்டினாள். "இவட அட்டையை எடு."

ஷமீர் ஒன்றும் தெரியாதவன் போல நடிக்கவில்லை. அந்த மட்டில் நல்ல பிள்ளைதான்.

"அது என்ட பொறுப்பில தந்தது உம்மா. குடுத்தா எனக்கு வேலை இல்ல."

"உன்ட ஊர்ச் சனம் சோம்பேறி எண்டு சொல்லச் சொன்னதும் மனேஜரா? வெங்காயம் நட்டு, நண்டு உடைச்சு உன்னைத் திண்டாடாமல் வளத்தவள் சோம்பேறியா?"

அவன் கீழே பார்த்தான். பிறகு நிமிர்ந்தபோது கண் சிவந்திருந்தது.

"ஒண்டு கேக்கிறன். உண்மை சொல்லுங்கோ. இவவுக்காக அட்டையைக் கேக்கிறீங்களா? இல்ல, இவங்க போனா உங்கட மேசை திரும்பக் கிடைக்குமெண்டு கேக்கிறீங்களா?"

வெளியூர்ப் பெண்ணுக்கு முன்னால் பெற்ற மகன் கேட்ட கேள்வி. நசீறா பொய் சொல்லியிருக்கலாம்.

"ரெண்டுக்கும்தான்" என்றாள். "எடு."

ஷமீரின் கை சேட்டுப் பைக்குப் போனது. போன கை அங்கேயே நின்றது. உள்ளேயிருந்து வந்து கதவடியில் நின்ற நுஃமான் சொன்னான்:

"குடுக்காத மகன்."

நசீறா திரும்பிப் பார்த்தாள். மத்தியானம் அகதிகளுக்காக நியாயம் கதைத்த அதே மனுசன்தான்.

"ஒண்டு குடுத்தா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க. முதலாளிக்குப் பொலிசில ஆள் இருக்கு. களவுக் கேஸ் போட்டு இவனை உள்ளுக்குத் தள்ளுவாங்க. மறியல் வீட்டுக்குப் போனவன்ட தங்கச்சியை ஆர் நிக்காஹ் செய்வாங்க? இருபது வருஷம் அடுத்தவன் ஊரில தலை குனிஞ்சு இருந்தன். என்ட ஊரில பொலிஸ் வாசலுக்கு வர விட மாட்டன். அவங்கட பாடு அவங்களுக்கு. குடுக்காத."

சிவலட்சுமி மெதுவாக வாசற்படியை விட்டு இறங்கினாள்.

"வேணாங்க. எனக்காகக் குடும்பத்துல சண்ட வேணாம். நேரமானா வாசல் கேட்டப் பூட்டிருவாங்க."

அவள் படலையைத் தாண்டியதும் நசீறா சேலைத் தலைப்பை இழுத்துத் தலையில் போட்டாள்.

"எங்க போறாய்?" என்றான் நுஃமான்.

"வழி காட்டப் போறன். அதுக்கும் பொலிஸ் வருமா?"

கடற்கரை ரோட்டில் இரண்டு பேரும் நடந்தார்கள். வாடிகளில் விளக்கேற்றியிருந்தார்கள். கருவாட்டு வாடை காற்றோடு வந்தது. சிவலட்சுமி மூக்கைப் பொத்தி, பிறகு மரியாதைக் குறைவு என்று நினைத்தோ என்னவோ கையை எடுத்தாள். எங்கோ ஒரு நாய் குரைத்தது.

நசீறாவின் மனம் வேகமாகக் கணக்குப் போட்டது. ஷமீரை எப்படியாவது மடக்கலாம். தகப்பன் இல்லாத நேரம் பார்க்கலாம். அட்டைகள் கைக்கு வந்தால் மன்னாருக்கு பஸ் ஏற்றிவிடலாம். எல்லோரும் போய்விட்டால் நண்டை யார் உடைப்பது? மனேஜர் சிரித்துக்கொண்டே வாசலுக்கு வந்துதானே ஆக வேண்டும்?

"இஞ்ச பார் புள்ள" என்றாள். "போக விருப்பமுள்ள எல்லாரையும் ஒண்டாச் சேத்து வை. எத்தின பேர் இருப்பீங்க?"

சிவலட்சுமி நடையை நிறுத்தினாள்.

"நா மட்டுந்தாங்க அக்கா."

"என்ன?"

"மத்தவங்க யாரும் போறேன்னு சொல்லல. கை வெட்டுனாப் பழகிரும்ங்கிறாங்க. மூணு வேளைச் சோறு இருக்கு, மழை ஒழுகாத கூரை இருக்கு, தோட்டத்த விட இது எவ்வளவோ மேலுன்னு சொல்றாங்க. எனக்குப் பொண்ண விட்டுட்டு இருக்க முடியல, அதான்." கொஞ்சம் தயங்கினாள். "இன்னும் சொந்தக்காரங்களையும் கூட்டிக்கிட்டு வரலாமான்னுகூட மனேஜர்கிட்ட கேட்டாங்க. அடுத்த ஓட்டத்துல கூட்டிட்டு வரலாம்னு சொன்னாரு."

கடலிலிருந்து வந்த காற்றில் நசீறாவின் தலைப்பு விலகியது. அவள் அதைச் சரி செய்யவில்லை.

யாரையும் கட்டி வைத்திருக்கவில்லை. பூட்டைத் திறந்து விட்டாலும் அவர்கள் அங்கேயேதான் இருப்பார்கள். அட்டையை மீட்டுக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அந்த மேசை இனி அவளுடையது இல்லை. நாளைக்கும் இல்லை, அடுத்த மாரிக்கும் இல்லை. இப்போது மீதியிருப்பது இந்த ஒருத்தியும், மகனின் சட்டைப் பையில் இருக்கும் அவளுடைய ஒரு அட்டையும்தான். அதை மீட்டால் நசீறாவுக்குச் சல்லிக்கும் பிரயோசனமில்லை. மகனின் வேலை போகும். மகளின் கலியாணம் போகலாம்.

"அக்கா, நா போகட்டுங்களா?"

கொம்பனிக் கேற்றின் வெளிச்சம் தூரத்தில் தெரிந்தது. அதன் கீழே பெற்றிசியா யாரையோ உள்ளே கூப்பிட்டுக்கொண்டு நிற்பது போலிருந்தது.

"பொறு" என்றாள் நசீறா.

பின்னால் மோட்டார் சைக்கிள் ஒன்று வரும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தாள். முன்விளக்கு கண்ணைக் கூச வைத்தது. ஓட்டி வருவது ஷமீர் என்பது இருமல் பிடித்த அந்த இயந்திரச் சத்தத்திலேயே தெரிந்தது. அவனுக்குப் பின்னால் முகம் தெரியாத இன்னொருவரும் இருந்தார்.

மகன் அட்டையைக் கொடுக்க வருகிறானா, இந்தப் பெண்ணைப் பிடித்துக்கொண்டு போக வருகிறானா என்று தாய்க்குத் தெரியவில்லை. சிவலட்சுமியின் காயமில்லாத கையை எட்டிப் பிடித்து, அவளைத் தனக்குப் பின்னால் இழுத்து விட்டுக்கொண்டு, ரோட்டின் நடுவில் நின்றாள்.